சேது நாட்டில் கணக்குப் பாடம்: மணலிலிருந்து இணையம் வரை

கணக்கு என்றாலே காத தூரம் ஓடும் மாணவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைக்க ஆசிரியர்கள் செய்த முயற்சிகளும் எல்லாக் காலத்திலும் உண்டு. இன்று இணையத்தில் தேடினால் பின்னத்துக்கு ஒரு விளையாட்டு, முக்கோணத்துக்கு ஓர் அசைபடம், வாய்ப்பாட்டுக்கு ஒரு போட்டி என்று கொட்டிக் கிடக்கிறது. இவையெல்லாம் ஏதோ கணினி வந்த பிறகுதான் பிறந்தன என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். ஆனால் இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் கணக்குப் பாடம் நடந்த கதையைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. கையால் செய்து பார்க்கும் பொருள்களுக்கு இங்கே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அந்தப் பொருளுக்கு அருகே எந்தப் பிள்ளையை உட்கார விட்டார்கள் என்பதில்தான் சிக்கல் இருந்தது.

மணலும் ஓலையும்

சேதுபதி மன்னர்கள் ஆண்ட சேது நாடு வறண்ட பூமி. ஆனால் இரண்டு பொருள்கள் அங்கே குறைவில்லாமல் கிடைத்தன. ஒன்று மணல், மற்றொன்று பனை. தற்செயலாக, பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத் தேவையான இரண்டு முக்கியப் பொருள்களும் இவைதான்! தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தையும் எண்ணையும் எழுதிப் பழகுவான் சிறுவன். தவறினால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். செலவு என்று எதுவும் இல்லை. கை நன்றாகப் படிந்த பிறகே பனையோலையும் எழுத்தாணியும் அவனுக்குக் கிடைக்கும். ஓலையில் தவறாகக் கீறிவிட்டால் அழிக்க முடியாது அல்லவா?

தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ இதே முறைதான் இருந்தது. உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் திண்ணைப் பள்ளியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். விடியும் முன்பே பள்ளி தொடங்கிவிடும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். அங்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவெல்லாம் கிடையாது. ஒரே திண்ணையில் ஒருவன் மணலில் எண் எழுதுவான், அடுத்தவன் எண்சுவடி ஒப்பிப்பான், மூன்றாமவன் நில அளவைக் கணக்குப் போடுவான். ஒன்றை முடித்தவன் அடுத்ததற்குப் போவான், முடிக்காதவன் அங்கேயே இருப்பான். பிரம்படிக்கும் குறைவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்றிவிட முடியாது.

எண்சுவடி என்னும் பாடநூல்

திண்ணைப் பள்ளிப் பிள்ளை கற்ற கணக்கு நூல்களில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை முக்கியமானவை. பொன்னிலக்கம் எண்களை அறிமுகப்படுத்தும். நெல்லிலக்கம் தானிய அளவைகளைச் சொல்லும். எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாடு. நிலத்தின் பரப்பைக் கணக்கிடப் பயன்படும் வர்க்கங்களின் வாய்ப்பாடு குழிமாற்று. பெயர்களைப் பார்த்தாலே இந்தக் கணக்கு களத்திலிருந்தும் கடையிலிருந்தும் வந்தது என்று புரிந்துவிடும்.

பின்னங்களைப் பாருங்கள். அரை, கால், அரைக்கால் என்று போய் பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் (மாகாணி என்றும் சொல்வர்), இருபதில் ஒன்றுக்கு மா, எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனிக் குறியும் உண்டு. முந்திரிக்குக் கீழேயும் கீழ்முந்திரி, இம்மி என்று இறங்கிக் கொண்டே போகும். காலைக் காலால் பெருக்கினால் எவ்வளவு? இன்றைய மாணவன் 0.25 × 0.25 என்று எழுதி, புள்ளியை எங்கே வைப்பது என்று யோசித்து, 0.0625 என்பான். எண்சுவடி படித்தவன் மூச்சு விடுவதற்குள் வீசம் என்பான். அவன் புத்திசாலி, இவன் மந்தம் என்று இதற்குப் பொருள் அல்ல. அவனிடம் பின்னத்துக்கு ஒரு பெயர் இருந்தது, இவனிடம் ஒரு புள்ளிதான் இருக்கிறது!

நெல்லிலக்கம் இன்னும் சுவையானது. 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அப்படியானால் ஒரு நாழியில் எத்தனை நெல்? எட்டு ஆழாக்கு, ஒவ்வொன்றிலும் ஐந்து செவிடு, ஒவ்வொன்றிலும் 360 நெல். பெருக்கினால் 14,400. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிடி நெல்லைக் கொடுத்து, 360 எண்ணி ஒரு சிறு கிண்ணத்தில் போடச் சொன்னால் போதும். அந்தக் கிண்ணத்தால் அளந்து அளந்து ஒரு படி நிரம்ப எத்தனை தடவை ஆகிறது என்று பார்த்துவிடலாம். நெல்லின் ரகத்துக்கு ஏற்ப விடை மாறும். ஏன் மாறுகிறது என்ற கேள்வியிலிருந்து சராசரி, தோராயம் என்று அடுத்த பாடங்கள் தாமே வந்து நிற்கும்.

பலாச்சுளைக் கணக்கு

இங்கே கணக்கதிகாரம் என்ற நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரி நாயனார் இயற்றியது. நிலம், பொன், நெல், அரிசி என்று பிரித்துக் கணக்குகளைச் செய்யுளில் சொல்லும் நூல் இது. அதிலுள்ள ஒரு கணக்கு தமிழ் இணையத்தில் மிகவும் பிரபலம். பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று கண்டுபிடிக்கும் வழி அது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120.

இந்தக் கணக்கை மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பி, முன்னோர் அறிவைப் பார்த்தீர்களா என்று வியந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு பலாப்பழத்தை வாங்கி முள்ளை எண்ணி, பிறகு அறுத்துச் சுளையையும் எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வகுப்பறைக்கு இதைவிட நல்ல செயல்பாடு கிடைக்குமா! விடை சரியாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் இன்னும் நல்லது, எவ்வளவு தவறியது என்று கணக்கிடலாம். எப்படியும் கடைசியில் சுளை கிடைக்கும். பலா அரிதான இராமநாதபுரத்தில் இதற்கு வழியில்லை என்பார்கள். அங்கே நுங்கு இருக்கிறதே. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண். மூன்றாம் வாய்ப்பாட்டை நுங்கு வண்டியின் அருகே நின்று கற்கலாம். "பெரும்பாலும்" என்ற சொல்லை எண்ணிப் பார்க்கச் சொன்னால் அது புள்ளியியலாகிவிடும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்குப் பள்ளி நடந்தது. பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழிகள். சோழியோ புளியங்கொட்டையோ போட்டு ஆடுவார்கள். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே முடியும், எவ்வளவு சேரும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பவரே வெல்வார். இதைப் பெரும்பாலும் ஆடியவர்கள் பெண்கள். ஆனால் திண்ணைப் பள்ளியில் பெண் பிள்ளைகளைக் காண்பது அரிது. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் வெளியான தொகுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. எண்ணிக்கை பெரியதுதான். மணல் எல்லோருக்கும் பொது, திண்ணை பொது அல்ல.

கடல் கடந்த மணல்

மணலில் எழுதும் இந்த முறை இங்கிலாந்து வரை போன கதை சுவையானது. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். உடனே அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தார். சிறுவன் செய்து காட்டினான். 1797-ல் லண்டனில் பெல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு மதராஸ் முறை என்ற பெயரில் பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிப் போனதாகச் சொன்னால் மிகையாகாது!

ஷ்வார்ட்ஸ் வைத்த பள்ளி

அதே காலத்தில் இராமநாதபுரத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. முத்துராமலிங்க சேதுபதி ஆண்ட காலம். தஞ்சையில் தங்கியிருந்த ஜெர்மன் மதபோதகர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷ்வார்ட்ஸும், தஞ்சை அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனும் சேர்ந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1787-ல் கம்பெனி இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கினர். அங்கே ஆங்கிலத்தோடும் தமிழோடும் கணக்கும் பாடம். ஆனால் எண்சுவடியின் மாவும் காணியும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், பேப்பரும் கரும்பலகையும் முன்னுக்கு வந்தது இப்படிப்பட்ட பள்ளிகள் பெருகிய பிறகுதான். ஷ்வார்ட்ஸ் பெயரைத் தாங்கிய உயர்நிலைப் பள்ளிக்கு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, பாம்பன் பாலத்தைக் கடந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார்.

அதிகாலை நான்கு மணி வகுப்பு

அவர் ஆ.ப.ஜெ.அப்துல் கலாம். 1931 அக்டோபர் 15-ல் இராமேசுவரத்தில் பிறந்தவர். அவர் வாழ்க்கையில் கணக்குப் பாடம் பல இடங்களில் வருகிறது.

சிறுவனாக இருந்தபோது அவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, குளித்துவிட்டு, கணக்கு கற்கப் போவார். ஊரிலிருந்த அந்த ஆசிரியர் ஆண்டுக்கு ஐந்தே மாணவர்களைச் சேர்த்துக் கொண்டு இலவசமாகக் கற்பித்தார். குளிக்காமல் வந்தால் அனுமதி இல்லை. கலாமை எழுப்புவதற்காக அவருடைய தாய் அவருக்கும் முன்னால் எழுந்துவிடுவார். கணக்கு முடிந்ததும் குர்ஆன் வகுப்பு. அதன் பிறகு, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்து வீடுவீடாகப் போடும் வேலை. இரண்டாம் உலகப் போரினால் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போன காலம் அது.

அதே போர்க்காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. சிறுவன் கலாம் கொட்டைகளைப் பொறுக்கிப் பள்ளிவாசல் தெருவிலிருந்த மளிகைக் கடையில் விற்பார். ஒரு நாள் பொறுக்கினால் ஓர் அணா கிடைக்கும். பதினாறு அணா ஒரு ரூபாய், ஆகவே ஓர் அணா என்பது ரூபாயில் வீசம். பல்லாங்குழியில் எண்ணிய அதே புளியங்கொட்டை, எண்சுவடியின் அதே வீசமாகக் கையில் வந்து விழுந்திருக்கிறது! அணா புழக்கத்தில் இருந்தவரை பதினாறாம் வாய்ப்பாடு கடைத்தெருவில் உயிரோடு இருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகளும் வந்தன. கணக்கு எளிதானது உண்மை. பிள்ளைகள் வீட்டில் கேட்கும் அளவைப் பெயர்களும் பள்ளிக் கணக்கும் அதோடு பிரிந்து போனதும் உண்மை.

ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரியவில்லை என்று மாணவர்கள் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. எல்லோரையும் இராமேசுவரம் கடற்கரைக்கு அழைத்துப் போய், பறவைகள் எழும்புவதையும் திரும்புவதையும் வாலை வளைப்பதையும் காட்டினார். தாம் வானூர்திப் பொறியியல் படித்ததற்கு அந்த மாலைதான் விதை என்று கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லி வந்தார். அது அறிவியல் பாடம்தானே என்று கேட்கலாம். ஆனால் கோணம், வேகம், திசை என்று அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது பிறகு கணக்காகத்தானே மாறியது?

எல்லாமே இனிமையாகவும் இருக்கவில்லை. அதே ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஓர் ஆசிரியர், பூணூல் அணிந்த நண்பனின் பக்கத்தில் முஸ்லிம் சிறுவன் உட்காரக் கூடாது என்று கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பனின் தந்தையான இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் தம்மை மாற்றிக் கொண்டார். இராமநாதபுரத்தில் கணக்காசிரியர் இராமகிருஷ்ண ஐயர் வேறு வகை. வகுப்பு தவறி நுழைந்த கலாமை எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். சில மாதங்கள் கழித்துக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியதும், தம்மிடம் அடி வாங்கியவன் பெரியவனாவான் என்று காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார். 'அக்னிச் சிறகுகள்' படித்தவர்கள் இந்த நிகழ்ச்சியை ரசித்திருப்பார்கள். ஆனால் அடி வாங்கிய எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கவில்லை, அவர்கள் சுயசரிதை எழுதவும் இல்லை. கடற்கரைக்கு அழைத்துப் போன ஆசிரியரையும் பிரம்பெடுத்த ஆசிரியரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சென்னையில் ஒரு கணக்கு வாத்தியார்

இந்தக் கடற்கரையை விட்டு ஒரு நிமிடம் சென்னைக்குப் போக வேண்டும். செய்து பார்த்துக் கணக்கு கற்பதைத் தம் வாழ்நாள் வேலையாக வைத்துக் கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன். காகித மடிப்பு, எண் கட்டங்கள், நாள்காட்டித் தாள் என்று காசு செலவில்லாத பொருள்களை வைத்தே அவர் பாடம் நடத்தினார். இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-ல் நூலாக வெளியிட்டவரும் இவரே. 1993-ல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமையக் காரணமாக இருந்தார். 2005-ல் மறைந்தார். இன்று இணையத்தில் காணும் பல கணிதச் செயல்பாடுகளை இவர் கரும்பலகைக் காலத்திலேயே வகுப்பில் செய்து காட்டியவர்.

ஏணியும் இணையமும்

2003-ம் ஆண்டு வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. முன்னின்றவர் எம்.பி.விஜயகுமார் என்ற இ.ஆ.ப. அதிகாரி. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி இதற்கு முன்மாதிரி. 2007 முதல் மாநிலம் முழுவதும், அதாவது இராமநாதபுரத்து மீனவக் கிராமப் பள்ளிகள் வரை, தொடக்க வகுப்புகளுக்கு இது வந்தது. சுவரில் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை, பாட அட்டைகள், மணிகள், குச்சிகள், கற்றல் ஏணி. ஒரு படி முடித்தவன் அடுத்த படிக்குப் போவான், முடிக்காதவன் அங்கேயே பயில்வான். திண்ணையில் நடந்ததும் இதுதானே! ஒரே ஒரு பெரிய வேறுபாடு. இந்த முறை சிறுமியும் உள்ளே இருந்தாள், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்தார்கள்.

இணையத்தின் கதையும் இதே ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. 2001-ல் ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் தம் பட்ட மேற்படிப்புக்காக உருவாக்கியது ஜியோஜீப்ரா. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், ஆனால் கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்கும். 2004-ல் அமெரிக்காவில் சல்மான் கான் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்கு சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது கான் அகாடமி ஆனது. புனேயில் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு செய்யும் பொம்மைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாக இணையத்தில் ஏற்றினார். 2018-ல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடும், கணக்குப் புத்தகத்தில் ஜியோஜீப்ராவைப் பயன்படுத்தும் 'இணையச் செயல்பாடு' பக்கங்களும் இடம் பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது இந்தப் பொருள்கள் எல்லாம் தயாராகவே இருந்தன. குறியீடும் புத்தகத்தில் இருந்தது. வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டால் குறியீட்டை எதைக் காட்டிப் படிப்பது? இலவசம் என்று எழுதியிருந்தாலும் கைபேசி இலவசம் அல்ல, அதற்குப் போடும் டேட்டாவும் இலவசம் அல்ல. மணல் எல்லோருக்கும் பொதுவாக இருந்து திண்ணை பொதுவாக இல்லாத பழைய கதையே வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் எட்டிய நிலையால் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பாடல், ஆடல், அட்டை, குச்சி எல்லாம் உண்டு. பத்துப் பத்தாக எண்ணிக் கட்டு கட்டப் பல பள்ளிகளில் ஈர்க்குச்சியும், ஒன்றுகளை எண்ணப் புளியங்கொட்டையும் வைத்திருக்கிறார்கள்.